புதிதாக வருபவரை நகைக்கலாமா?

படமே இல்லாத கணினி விளையாட்டு ஒன்று உண்டு என்றால், தோழிகளே, நீங்கள் நம்புவீர்களா? நாங்களும் முதலில் நம்பவில்லை. கைப்பேசியில் வண்ண வண்ணமாய் ஓடியும் குதித்தும் சுட்டும் விளையாடும் இக்காலத்தில், வெறும் எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு விளையாட்டா என்று நாங்கள் நால்வரும் சிரித்தோம். கடைசியில் சென்ற கோடை விடுமுறையில் பாதி அதிலேயே கழிந்துவிட்டது.

இத்தகைய விளையாட்டுகளுக்கு 'மட்' என்று பெயர். ஆங்கில அகராதியைப் புரட்டிச் சேறு என்று பொருள் கொள்ள வேண்டாம். பலர் ஒரே நேரத்தில் நுழையக்கூடிய நிலவறை என்று பொருள்படும் மூன்று சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து அவ்வாறு அமைந்துவிட்டன. திரையில் ஒரு பத்தி தோன்றும். நீங்கள் ஒரு பெரிய கோவிலின் நடுவில் நிற்கிறீர்கள் என்றும், தெற்கே படிக்கட்டு இறங்குகிறது என்றும், தூணருகே ஒரு காவலன் நிற்கிறான் என்றும் அது கூறும். நீங்கள் 'சவுத்' என்று தட்டினால் படியிறங்கி அடுத்த இடத்துக்குப் போய்விடுவீர்கள். உடனே அடுத்த பத்தி வரும். அந்த இடத்தில் வேறு ஏதோ நாட்டில், வேறு ஏதோ வீட்டில் உட்கார்ந்து அதே நொடியில் ஆடிக்கொண்டிருக்கும் ஒருவரும் நிற்பார். அவரோடு பேசலாம், சேர்ந்து பூதத்தோடு சண்டை போடலாம், கோபித்துக்கொண்டு போய்விடவும் செய்யலாம்.

எங்களை இதில் இழுத்துவிட்டவர் எங்களில் ஒருத்தியின் அக்கா. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயில்கிறார். அவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அவருடைய மடிக்கணினியில் திரையில் வரும் எழுத்தையெல்லாம் உரக்கப் படிக்கும் 'என்.வி.டி.ஏ.' என்ற மென்பொருள் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் எழுதத் தொடங்கிய அது, இன்றும் விலையின்றிக் கிடைக்கிறது. அக்கா அதை வைத்திருக்கும் வேகத்தில் கேட்டால் நமக்குத் தகரக் கூரையில் மழை பெய்வது போலத்தான் இருக்கும். அவருக்கோ ஒரு சொல் தவறாது.

படம் நிறைந்த விளையாட்டுகளில் அக்காவுக்கு இடமில்லை. எழுத்து விளையாட்டிலோ அவரும் நாமும் ஒன்றுதான். ஏனெனில் அங்கே யாருமே எதையும் பார்ப்பதில்லை. எல்லாரும் வாசித்துத்தான் ஆக வேண்டும். உலகெங்கும் பார்வையற்றோர் பலர் இவற்றை ஆடுகிறார்களாம். 'ஆல்ட்டர் இயான்' என்ற ஆட்டத்தில் அத்தகையோர் நிறையப் பேர் இருக்கின்றனர்.

இது எங்கிருந்து வந்தது என்பதையும் சிறிது சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 'மாமத்' என்று ஒரு மாபெரும் குகை இருக்கிறது. 1972 செப்டம்பரில் ஆறு பேர் கொண்ட ஒரு குழு, அதற்கும் பக்கத்தில் இருந்த இன்னொரு குகைத் தொடருக்கும் இடையே நிலத்தடி வழி இருப்பதைக் கண்டுபிடித்தது. அக்குழுவில் பட்ரிஷா குரௌதர் என்ற பெண்மணியும் ஒருவர். மெலிந்த உடல்வாகு கொண்டவர். மற்றவர்களால் நுழைய முடியாத இடுக்கில் நுழைந்து வழி கண்டவர். அவருடைய கணவர் வில் குரௌதரும் குகை ஆராய்ச்சியில் ஈடுபட்டவர், கணினி வல்லுநர். குடும்பம் பிரிந்த பிறகு, தம் இரு பெண் குழந்தைகளும் விளையாடட்டும் என்று, தாம் நடந்து திரிந்த அந்தக் குகையையே வைத்து 1975, 76-ஆம் ஆண்டுகளில் ஓர் எழுத்து விளையாட்டை உருவாக்கினார். அதை 1977-இல் டான் வுட்ஸ் என்பவர் விரிவாக்கினார். ஆனால் அதில் ஒருவர் மட்டுமே ஆட முடியும். பலர் சேர்ந்து ஆடும்படி செய்தவர்கள் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர்களான ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும். ஆண்டு 1978. வெளியிலிருந்து தொலைபேசி வழியாக வந்து ஆடுவோர், கணினிக்கு வேறு வேலை இல்லாத பின்னிரவு நேரத்தில்தான் ஆட முடியுமாம்! எங்கள் அம்மாமார் அங்கே இருந்திருந்தால் அந்த விளையாட்டு வளர்ந்திருக்கவே வழியில்லை.

பிறகு 1991-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர் ஐவர் 'டிக்குமட்' என்ற ஒன்றை வெளியிட்டார்கள். அதைப் பிறர் தாராளமாக எடுத்துத் தத்தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும்படி விட்டதால், இன்று ஆடப்படும் பல ஆட்டங்கள் அதன் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளுமே. அந்த ஐவரில் கட்யா நூபோ என்ற பெண்ணும் ஒருவர் என்று அக்கா சொன்னபோது நாங்கள் கைதட்டினோம். அந்த ஆட்டத்தில் புதிதாக வருபவர் முதன்முதலில் கண் விழிக்கும் இடம் மிட்கார்ட் நகரத்துக் கோவில். அதன் வழிவந்த பல ஆட்டங்களில் இன்றும் அப்படித்தான்.

சரி, எங்கள் கதைக்கு வருவோம்.

முதல் நாள் நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பெயர் என்ன என்று கேட்டது. எங்களில் ஒருத்தி தன் சொந்தப் பெயரைத் தட்டப்போனாள். அக்கா கையைத் தட்டிவிட்டு, கற்பனைப் பெயர்தான் வைக்க வேண்டும் என்றார். பிறகு குள்ளனா, வனதேவதையா, மனிதனா, போர்வீரனா, மந்திரவாதியா என்று கேட்டுக்கொண்டே போயிற்று. மந்திரவாதியாக வேண்டும் என்று மூவர் ஒற்றைக் காலில் நின்றோம். மந்திரவாதி தொடக்கத்தில் ஒரு தட்டு தாங்க மாட்டான், புதியவர்க்கு வீரனே ஏற்றவன் என்று அக்கா சொன்னதைக் கேட்கவில்லை. விளைவு? ஊரெல்லைக்கு வெளியே திரிந்த ஒரு முயலிடம் உயிரை விட்டோம். ஆம், முயலிடம்தான்.

அதற்குப் பின் வீரனானோம். வாள் ஒன்று கிடைத்தது. அதைப் பையில் வைத்துக்கொண்டே மூன்று சண்டை போட்டோம். வாளை வைத்திருப்பது வேறு, ஏந்துவது வேறு, 'வீல்ட்' என்று தனியே தட்டினால்தான் கைக்கு வரும் என்பது யாருக்குத் தெரியும்? கேடயமும் அப்படியே, 'வேர்' என்று தட்டாவிட்டால் முதுகில் சுமைதான். இருட்டுக் குகையில் விளக்கின்றி நுழைந்து, எதுவும் தெரியவில்லை என்ற ஒரே வரியைப் பதினைந்து முறை வாசித்தோம். எதிரியோடு மோதுமுன் 'கன்சிடர்' என்று தட்டிக் கேட்டால், இவனை நீ வெல்வாயா மாட்டாயா என்று ஆட்டமே சொல்லிவிடும் என்பதை நாங்கள் அறிந்தது நான்காம் முறை செத்த பிறகு. வழி தப்பினால் 'ரீகால்' என்று தட்டினால் கோவிலுக்கே திரும்பிவிடலாம் என்பதையோ ஒரு வாரம் கழித்துத்தான் அறிந்தோம். அந்த ஒரு வாரமும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் கட்டம் கட்டமாய் வழி வரைந்துகொண்டிருந்தோம். வடக்கே போய்த் தெற்கே திரும்பினால் புறப்பட்ட இடத்துக்கே வரவேண்டும் என்பது நில இயல். ஆனால் அந்தக் காட்டில் சில வழிகள் வளைந்து வேறு எங்கோ கொண்டுபோய் விட்டன. அதைக் கண்டுபிடித்த நாளில் நாங்கள் அடைந்த மகிழ்ச்சி, முழு மதிப்பெண் வாங்கிய நாளில்கூட அடையாதது.

இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லித் தந்தவர்கள் அக்காவும், ஆட்டத்தில் முன்பின் அறியாத சிலரும். அந்த ஆட்டத்தில் புதியவர்க்கென்றே ஒரு பேச்சு வழி, அதாவது சேனல், இருக்கிறது. அதில் கேள்வி கேட்டால் எல்லாருக்கும் கேட்கும். தெரிந்தவர் பதில் சொல்வார். நாங்கள் கேட்ட அசட்டுக் கேள்விகளுக்கு அளவில்லை. ஒருவரும் எங்களைக் கடிந்துகொண்டதில்லை. ஒருவர் மட்டும் இரக்கப்பட்டு ஐயாயிரம் பொற்காசும் நல்ல கவசமும் தூக்கிக் கொடுத்துவிட்டார். அதன் பின் இரண்டு நாள் ஆட்டமே ருசிக்கவில்லை. எதை அடித்தாலும் விழுந்தது. எதை வேண்டினாலும் வாங்க முடிந்தது. ஆகையால் உதவி என்பது தூக்கிச் சுமப்பது அல்ல, வழி சொல்வது மட்டுமே என்பது எங்கள் கருத்து. அக்கா தம் பழைய வாளை எங்களுக்குத் தர மறுத்தபோது கஞ்சத்தனம் என்று நினைத்தோம். இப்போது அப்படி நினைக்கவில்லை.

இனி நாங்கள் சொல்லப்போவது எங்களுக்குப் பெருமை தருவது அன்று. சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட எங்களுக்குள் வாதாடினோம்.

மே மாத இறுதியில் நாங்கள் ஓரளவு தேர்ந்துவிட்டோம். சேனலில் பிறர் கேட்கும் கேள்விகளுக்கு நாங்களே விடை சொல்லும் நிலைக்கு வந்தோம். அந்தக் கர்வம் இருக்கிறதே! ஒரு நாள் எங்கள் தோழியின் கணினி பழுதானதால் அக்காவின் மடிக்கணினியில் ஆடிக்கொண்டிருந்தோம். அது ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தது. அக்கா அதே அறையில் துணி மடித்துக்கொண்டு, எங்கள் சண்டையை வானொலி நாடகம் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது புதியவர் ஒருவர், காயம் ஆற்றும் வைத்தியர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். 'மேப்' என்று தட்டிப் பாருங்கள் என்றோம். அப்படித் தட்டினால் புள்ளியும் கோடும் நட்சத்திரமுமாக ஊரின் படம் திரையில் வரும். ஐந்து நிமிடம் கழித்து அவர் மறுபடியும் அதையே கேட்டார். மேப் இருக்கிறதே என்றோம். மூன்றாம் முறையும் கேட்டார். அதிலும் எழுத்துப் பிழைகள். நாங்கள் நால்வரும் சிரித்துக்கொண்டே ஒரு வரியைத் தட்டினோம்: படம்தான் இருக்கிறதே, உனக்குக் கண் இல்லையா என்று.

நாங்கள் தட்டிய வரியை அந்த இயந்திரக் குரல் உரக்கப் படித்தது.

அறையில் வேறு சத்தமே இல்லை. அடுத்த வரியையும் அதுவே படித்தது. அந்தப் புதியவர், சரி, மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார். அதற்கடுத்த வரி, அவர் ஆட்டத்தை விட்டு வெளியேறினார் என்பது.

அக்கா கோபித்துக்கொண்டிருந்தால் எங்களுக்கு எளிதாய் இருந்திருக்கும். அவர் கோபிக்கவில்லை. கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு, "அந்த மேப்பைத் தட்டுங்கள் பார்ப்போம்" என்றார். தட்டினோம். டேஷ், டேஷ், பார், ஸ்டார், டேஷ், பிளஸ், பார், பார் என்று அந்தக் குரல் மூச்சுவிடாமல் அரை நிமிடம் படித்தது. "இதில் வைத்தியர் எங்கே இருக்கிறார், சொல்லுங்கள்" என்றார் அக்கா. எங்களால் சொல்ல முடியவில்லை.

எங்களில் ஒருத்தி அழுதுவிட்டாள். வேண்டுமென்றே சொல்லவில்லை அக்கா, பேச்சு வழக்கில் வந்துவிட்டது என்றோம். அது உண்மைதான். பேருந்தில் காலை மிதித்தவரிடமும் நாம் அப்படித்தானே கேட்கிறோம்? "அவருக்கும் பார்வை இல்லையோ என்னவோ எனக்குத் தெரியாது" என்றார் அக்கா. "ஒன்பது வயதுப் பிள்ளையாக இருக்கலாம். இங்கிலீஷ் வராதவராக இருக்கலாம். மூன்று முறை கேட்டார் என்றால் மூன்று முறையும் உங்கள் பதில் அவருக்கு உதவவில்லை என்றுதானே அர்த்தம்?"

இதை நாங்கள் பிறகு பலமுறை பேசினோம். புதியவர் ஒருவர் ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டால் அவர் மந்தம் என்று முடிவு கட்டுகிறோம். பதில் சொன்னவர் சரியாகச் சொல்லவில்லையோ என்று யாருக்கும் தோன்றுவதில்லை. கோவிலிலிருந்து தெற்கே இரண்டு, கிழக்கே ஒன்று என்று எழுதியிருந்தால் வேலை முடிந்தது. அதை எழுத ஆகும் நேரத்தைவிட, நகைப்பதற்கு நாங்கள் செலவிட்ட நேரம் அதிகம்.

கணினி விளையாட்டில்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த தங்கைகள் வேதியியல் ஆய்வகம் எங்கே என்று கேட்டபோது, மொட்டை மாடிக்கு வழிகாட்டி அனுப்பிவிட்டுக் கீழே நின்று சிரித்தவர்களில் நாங்களும் உண்டு. அந்தத் தங்கைகளில் யாராவது இதை வாசித்தால், அந்த நால்வர் யாரென்று இந்நேரம் கண்டுபிடித்திருப்பார்கள்.

ரிச்சர்ட் பார்ட்டில் 1996-இல் ஒரு கட்டுரை எழுதினார். இவ்வாட்டங்களை ஆடுவோரைச் சீட்டுக்கட்டின் நான்கு இனங்களாகப் பிரித்தார். பொருளும் புள்ளியும் சேர்ப்போர் டைமன்; மூலை முடுக்கெல்லாம் தேடித் திரிவோர் இஸ்பேட்; பேசிப் பழக வருவோர் ஆட்டின்; பிறரைத் துன்புறுத்துவதில் இன்பம் காண்போர் கிளாவர். (சீட்டைப் பற்றி எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், வீட்டில் தாத்தா இருக்கிறார்.) வழி வரைவதில் பைத்தியமாய் இருந்ததால் நாங்கள் இஸ்பேட் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தோம். அன்று மாலை யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பெற்றோர்களுக்கும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். ஆன்லைன் விளையாட்டு என்றதும் எங்கள் வீடுகளில் முதலில் எழுந்த கேள்வி, ரம்மியா என்பதே. இல்லை. பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து 2025-இல் மத்திய அரசு சட்டம் இயற்றியது. இவை அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. பெரும்பாலானவற்றைத் தொண்டுள்ளம் கொண்டோர் தம் ஓய்வு நேரத்தில் நடத்துகிறார்கள். சில ஆட்டங்களில் பணம் கொடுத்துப் பொருள் வாங்க இடமுண்டு; அங்கே பெற்றோரின் அட்டை எண்ணும் ஓ.டி.பி.யும் பிள்ளைகள் கைக்குப் போகாமல் இருப்பது நல்லது. ஆபத்தே இல்லை என்றும் நாங்கள் சொல்லவில்லை. ஒருவர் எங்களிடம் வயது என்ன, எந்த ஊர், புகைப்படம் உண்டா என்று கேட்கத் தொடங்கினார். பதில் எழுதாமல் அக்காவை அழைத்தோம். அவர் அந்த ஆளின் பேச்சு எங்களுக்கு வராதபடி 'இக்னோர்' என்ற கட்டளையால் அடைத்துவிட்டு, ஆட்டத்தை நடத்துவோருக்கும் தெரிவித்தார். சொந்தப் பெயர், பள்ளி, ஊர், தொலைபேசி எண் ஆகிய நான்கும் ஆட்டத்துக்குள் போகக்கூடாது. கணினி கூடத்தில் இருக்க வேண்டும். அம்மா அந்தப் பக்கம் நாலு முறை நடக்க வேண்டும். இவ்வளவு போதும் என்று நாங்கள் எண்ணுகிறோம். அடியோடு தடுத்துவிட்டால் நாங்கள் ஒளிந்து ஆடுவோம். அப்போது அழைப்பதற்கு அக்கா இருக்க மாட்டார்.

பயனும் இல்லாமல் போகவில்லை. விடுமுறை முடிந்து முதல் ஆங்கிலக் கட்டுரையில் 'வீல்ட்' என்ற சொல்லை எங்களில் இருவர் எழுதியிருந்தோம். எங்கே கற்றாய் என்று ஆசிரியை கேட்டார். முயல் கற்றுக் கொடுத்தது என்று சொல்ல முடியுமா? நிறைய வாசித்தோம் என்று மட்டும் சொன்னோம். அதுவும் பொய் இல்லை. நாளொன்றுக்கு எத்தனை பத்தி வாசித்திருப்போம்!

தொடங்க விரும்பும் தோழிகளுக்கு: முதலில் 'ஹெல்ப்' என்று தட்டுங்கள். புதியவர் பயிற்சிப் பகுதி இருந்தால், சலிப்பாக இருந்தாலும் அதை முடியுங்கள். நாங்கள் முடிக்காமல் ஓடித்தான் முயலிடம் மாட்டினோம். சண்டையில் உயிர் குறைந்தால் 'ஃப்ளீ' என்று தட்டி ஓடிவிடுங்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை. மற்றதைச் சேனலில் கேளுங்கள்.

இவ்வாண்டு பொதுத்தேர்வு இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மணி நேரம் மட்டுமே எங்களுக்கு அனுமதி. உள்ளே போனதும் முதலில் 'ஹூ' என்று தட்டுகிறோம். அப்போது ஆட்டத்தில் இருப்போர் அனைவரின் பெயரும் வரிசையாக வரும். மே மாதத்தில் வெளியேறிய அந்தப் பெயரை மேலிருந்து கீழ்வரை தேடுகிறோம். இதுவரை வரவில்லை. எங்களில் ஒருத்தி அவருக்கு எழுதிய கடிதம் ஆட்டத்துக்குள் இருக்கும் அஞ்சல் நிலையத்தில் கிடக்கிறது. அவர் வந்தால்தான் அதைத் திறக்க முடியும். அதில் வைத்தியர் இருக்கும் இடத்துக்குக் கோவிலிலிருந்து எப்படிப் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறோம்.